கயலுக்கு, அமெரிக்காவில் எடிசனிலிருந்து அம்மா

கயல் கண்ணா,

போன ஞாயிறும் நீ கூப்பிடவில்லை. அதற்கு முந்தின வாரம் "படிக்கிற வேலை இருக்கும்மா" என்று இரண்டே நிமிஷத்தில் வைத்துவிட்டாய். குரலே சரியில்லை, ஜலதோஷமா? லண்டனில் இப்போது சாயந்திரம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்று அப்பா சொல்கிறார். பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வெளியே நட. பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போ, அது பழசு என்று பார்க்காதே. டாக்டரிடம் பெயர் பதிந்தாயா இல்லையா? விசா எடுக்கும்போதே வருஷத்துக்கு 776 பவுண்டு வீதம் ஹெல்த் சர்சார்ஜ் என்று அந்த ஊர் அரசு வைத்தியத்துக்கான பணம் கட்டியாயிற்று, போய்க் காட்டுவதற்கு என்ன தயக்கம்.

அப்புறம், அந்த ஊர் மார்க் முறையைப் பற்றிச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். உன் எல்எல்எம் மாதிரி சட்ட மேற்படிப்பில் 50 வந்தால் பாஸ், 60 என்றால் மெரிட், 70 தொட்டால் டிஸ்டிங்ஷன். 80 எல்லாம் அபூர்வம். இங்கே 93 வாங்கிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பிள்ளைகள் அங்கே போய் முதல் கட்டுரைக்கு, உதாரணத்துக்கு 58 என்று வைத்துக்கொள், அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் இடிந்துபோய் உட்கார்ந்துவிடத்தான் செய்வார்கள். ஆனால் அது ஃபெயில் இல்லை, மெரிட்டுக்கு இரண்டு மார்க் குறைவு, அவ்வளவுதான். எழுதுகிற விதமே வேறு இல்லையா? இங்கே சட்டக் கல்லூரியில் இரண்டு வருஷமாக நீ எழுதிப் பழகியது, ஒரு நீளமான சம்பவத்தைக் கொடுப்பார்கள், அதில் என்னென்ன சட்டப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது, எந்த விதி பொருந்தும், முடிவு என்ன என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வரிசையாக எழுதித் தள்ள வேண்டும். அங்கே ஒற்றை வரியைக் கொடுத்து 'ஆராய்க' என்கிறார்கள். நீ எந்தப் பக்கம், ஏன், எதிர்த்தரப்பில் எது நியாயம் என்று வாதாடினால்தான் மார்க். அதுவும் முதல் கட்டுரை பழக்கத்துக்கு எழுதுவது, கடைசிக் கணக்கில் சேராது. உண்மையான பரீட்சை மே, ஜூனில். லண்டன் படிப்புக்கு இங்கே உன் காலேஜில் கிரெடிட் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், சராசரி மார்க்கான ஜிபிஏவில் தொடமாட்டார்கள் என்று ஆகஸ்டில் நீயேதான் அப்பாவுக்குச் சொன்னாய்.

தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவனைப் பிடித்துத் திட்டாதே.

அக்டோபரில் நீ அந்த ஊர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்து பேசினாயே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், ஐந்து நீதிபதிகள் விக்கும் இல்லை அங்கியும் இல்லை, சாதாரண கோட்டில் உட்கார்ந்து வக்கீலோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாய். வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டில் கேமராவையே உள்ளே விடமாட்டார்கள், குரல் மட்டும்தான். லண்டனில் விசாரணையை நேரலையாகக் காட்டுகிறார்கள் என்றாய் அல்லவா, நானும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். வழக்கு ஒன்றும் புரியவில்லை. நீ பின்வரிசையில் எங்கேயாவது தெரிகிறாயா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் வீட்டில் கோர்ட் வாசலை மிதித்த முதல் பெண் நீ, அதுவும் இன்னொரு தேசத்துக் கோர்ட்டில் போய் உட்கார்ந்து கேட்கிறாய். கோயிலில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்கிறேன், அப்பாவுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

ஆனால் பாட்டியின் பிறந்தநாளுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் கயல். நாள் முழுக்க போனை மடியிலேயே வைத்திருந்தார்கள். இதை மட்டும் என்னால் சரி என்று விட முடியவில்லை.

அவசரப்பட்டு யாருக்கும் எந்த மெயிலும் அனுப்பாதே. கோடையில் வேலை பார்த்த ஆபீஸ்காரர்கள் கொடுத்த வேலையைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று இல்லை, பொதுவாகச் சொல்கிறேன். ராத்திரி எழுதினதை ராத்திரியே அனுப்பக் கூடாது, பெரியப்பா விஷயம் உனக்கே தெரியும். நியூயார்க்கில் வக்கீலாகச் சேரப் போடும் பார் விண்ணப்பத்தில் குடியிருந்த விலாசம் எல்லாம் கேட்பார்களே, அதனால் லண்டன் வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் பண்ணி எனக்கும் அனுப்பி வை. ஜூலையில் நீ அந்த பார் பரீட்சையை எழுதத்தான் போகிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உனக்கும் இருக்க வேண்டாம். மெயில் மட்டும் அனுப்பாதே.

ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம் பக்கம் போய் நம் ஊர்ச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிடு. அப்படியே மேனர் பார்க் முருகன் கோயிலுக்கும் போய்விட்டு வா. ரொட்டியும் சீஸுமாகச் சாப்பிட்டால் மனசும் சோர்ந்துதான் போகும். பணம் வேண்டுமானால் என்னிடம் கேள், அப்பாவிடம் சொல்லமாட்டேன்.

வருகிற ஞாயிறு உன் நேரம் சாயந்திரம் நாலு மணிக்கு, எங்களுக்குக் காலை பதினொன்று, நானே கூப்பிடுகிறேன். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், எடு. வீடியோவில் வா, முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மா