பள்ளிப் பெயரில் சாதி எதற்கு?

மதிப்பிற்குரிய பள்ளிக்கல்வித் துறை, ஆதிதிராவிடர் நலத் துறைச் செயலாளர்களுக்கு,

வணக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதையும், பள்ளிகளில் சாதி வன்மத்தைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையையும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் அக்கா மகள் கல்லூரியில் சேரப் போனாள். மாற்றுச் சான்றிதழை வாங்கிய எழுத்தர், வரிசைக்கே கேட்கிற மாதிரி, "அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளியா?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தாளில் இருந்ததைப் படித்தார். விடுதியில் ஒரே அறை கேட்கலாமா என்று அதுவரை அவளோடு பேசிக்கொண்டிருந்த பெண் அப்புறம் வாய் திறக்கவில்லை. சாதிச் சான்றிதழைக் கேட்கிற இடத்தில் மட்டும் காட்டினால் போதும். பள்ளிச் சான்றிதழையோ போகிற இடமெல்லாம் நீட்ட வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்கிறது சந்துரு குழு. அதையே வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருப்பது என்ன கணக்கு?

பெயரை மாற்றுங்கள். எல்லாப் பள்ளிகளையும் ஒரே துறையின்கீழ் கொண்டுவாருங்கள். இந்த இணைப்பு 2023 பட்ஜெட்டில் அரசே அறிவித்ததுதான்.

எதிர்ப்பு வந்தது, தெரியும். கள்ளர் சமூகத்துக்கென்று வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை இணைக்கக் கூடாது என்று மதுரைப் பக்கம் போராடினார்கள். சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தில் வந்த பள்ளிகளை அவர்கள் தங்கள் சொத்தாக நினைப்பதில் வியப்பில்லை. எங்கள் தெருப் பெரியவர்களுக்கும் தயக்கம் உண்டு. "ஊர்ப் பள்ளியில் நம்மைச் சேர்க்காத காலத்தில் நமக்கென்று வந்தது. இணைத்துவிட்டு, பிள்ளைகள் குறைவு என்று மூடிவிட்டால்?" நியாயமான பயம். அந்தப் பயத்துக்கு விடை அரசாணை. கோப்பைத் தூங்க வைப்பது விடை ஆகாது.

எங்கள் பள்ளி வாசலைத் தாண்டித்தான் தனியார் பள்ளி வேன் தினமும் போகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற ஊர்த்தெருக்காரர்கள்கூட இங்கே பிள்ளையைச் சேர்ப்பதில்லை. கேட்டால், "அது அவங்க பள்ளிக்கூடம்" என்பார்கள். பலகையும் அதையேதானே சொல்கிறது! அந்தப் பலகைக்குக் கீழேயே தலைமையாசிரியரை நிற்க வைத்து, ஆண்டுதோறும் மேளம் அடித்து மாணவர் சேர்க்கைப் பேரணி போகச் சொல்கிறீர்கள். இந்தத் திறமை யாருக்கு வரும்!

2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் ஒரே அறிவிப்பில் சமூகநீதி விடுதி என்று பெயர் வைக்க முடிந்தது. பள்ளிக்கு மட்டும் என்ன தடை?

கோபம் கொஞ்சம் மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கல்வியாண்டுக்குள் பலகையிலும் சான்றிதழிலும் 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்று மட்டும் இருக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதே ஆணையின் இரண்டாவது பத்தியில், நிலம், கட்டடம், பணியிடம், உதவித்தொகை எதிலும் கைவைக்க மாட்டோம் என்றும் எழுதிவிடுங்கள். எங்கள் பெரியவர்களிடம் காட்ட எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன் ஒருவன்