கோபுரம் மட்டுமல்ல, காற்றும்தான்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள பழைய கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கோபுரங்களையும் சிற்பங்களையும் மனதாரப் பாராட்டியது. சரி, அவை பாராட்டுக்குரியவைதான். ஆனால் அந்தக் கட்டடங்களின் பெரிய அருமையான காற்றோட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம். அங்குள்ள வாக்சஹாச்சி நகரில் 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட எல்லிஸ் கவுண்ட்டி நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ரைலி கார்டன் வாசல்களை மூலைகளில் நிழலாக அமைத்தார். நடுவே கோபுரத்தின் அடியில் வெப்பக்காற்று மேலேறிப் போக வழி வைத்தார். ஏசி இல்லாத காலத்தில் டெக்சாஸ் வெயிலுக்கு அவர் கண்ட விடை அது. ஓர் ஆகஸ்ட் நண்பகலில் அங்கே போயிருந்தேன். வெளியே நடைபாதை அனலாகக் கொதித்தது. செம்மணற்கல்லில் முகங்கள் செதுக்கிய தூண்களுக்குப் பின்னால் ஒதுங்கியதுமே உடம்பு அந்த வித்தியாசத்தை உணர்ந்தது.

பின்னாளில் பல நீதிமன்றங்களில் ஃபால்ஸ் சீலிங் போட்டு இந்த வழிகளை அடைத்துவிட்டார்கள். மாநில அரசு 1999 முதல் இவற்றின் சீரமைப்புக்கு நிதி தருகிறது. அந்தப் பணத்தில் முகப்பை மெருகேற்றுவதோடு நிற்காமல் நடுக்கூடங்களையும் திறந்துவிட வேண்டும். காற்று போகும் வழியைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை ஒவ்வொரு வாசலிலும் வைக்கலாம்.