பவரொட்டி வராத இரவு

அன்புள்ள அம்முவுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருக்க ஆதிகும்பேஸ்வரர் துணை இருப்பார்.

நேற்று உன்னிடம் பேசிவிட்டு வைத்ததிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. திரும்பப் போன் பண்ணினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். உன் தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். குட்டியைத் தூங்கவைத்த பிறகு நிதானமாகப் படி.

நீ சொன்னதை வைத்து எனக்குப் புரிந்தது இதுதான். உங்கள் சேர்ந்திசைக் குழுவில் தனியாகப் பாட வேண்டிய அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. நீ பாடு என்கிறார்கள். வாத்தியக்காரர்கள் எல்லாரும் அவர் சுருதிக்குத் தயாராகிவிட்டார்கள், இனி மாற்ற வழியில்லை. "என் சுருதியும் இல்லை, என் பாட்டும் இல்லை, மாட்டேன்னு சொல்லிடப் போறேன்மா" என்றாய்.

சொல்வதற்கு முன்னால் அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினை இன்னொரு தரம் கேள். 1998-இல் அமெரிக்காவின் கிராமி இசை விருது விழாவில் அவர் பாடியதை எனக்கு முதன்முதலில் போட்டுக் காட்டியவளே நீதான். காலேஜ் லீவில் வந்திருந்தபோது, கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இதைக் கேளும்மா, இந்த இடத்தைக் கேளும்மா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். அதற்குப் பிறகு நான் அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்த ராத்திரியைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தும் வைத்திருக்கிறேன். பாட்டு சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவள் என்பதால் எனக்கு அதில் தெரிவது கொஞ்சம் வேறு.

பிப்ரவரி 25-ஆம் தேதி, நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நாற்பதாவது கிராமி விழா. அன்றைக்கு, பாட்டாலேயே நடக்கிற நாடகமான ஆபெராவில் பேர்போன இத்தாலியர் லூச்சியானோ பவரொட்டிக்குக் கௌரவ விருது. விருதோடு அவர் பாடுவதாகவும் ஏற்பாடு. பாட்டு, 'நெஸ்ஸுன் டோர்மா'. 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பை கால்பந்துக்கு பிபிசி முகப்பு இசையாகப் போட்டது, அவர் முன்பே பாடியிருந்த பதிவைத்தான். ஆபெரா பக்கமே எட்டிப் பார்க்காதவர்களுக்கும் அதனால் அந்தப் பாட்டு தெரிந்துபோயிற்று. அது அவர் சொத்து மாதிரி.

விழா தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது, உலகம் பூராவும் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்போது அவரிடமிருந்து தகவல் வருகிறது: உடம்பு சரியில்லை, பாட முடியாது. விழாவின் தயாரிப்பாளர் கென் எர்லிக்கின் கையில் இருந்தது அரை மணி நேரம்கூட இல்லை. மேடையில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா தயார், பின்பாட்டுக்காரர்கள் தயார், பாடுகிறவர் மட்டும் இல்லை.

எர்லிக்குக்கு அரீத்தா ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு நாள் முன்னால், கஷ்டப்படும் இசைக்கலைஞர்களுக்கு உதவுகிற மியூசிகேர்ஸ் அமைப்பு பவரொட்டியைக் கௌரவித்து ஒரு விருந்து நடத்தியது. அங்கே பவரொட்டியின் முன்னாலேயே அரீத்தா இதே பாட்டைப் பாடியிருந்தார். கிராமி ராத்திரியும் அவர் அங்கேதான் இருந்தார். 'புளூஸ் பிரதர்ஸ்' குழுவோடு தன் பங்கை அதற்கு முன்பே பாடி முடித்தாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அன்றைய வேலை தீர்ந்தது என்று இருந்திருப்பார்கள். எர்லிக் மாடியேறி அவர் ஒப்பனை அறைக்கு ஓடினார்.

எனக்கு மேடையில் நடந்ததைவிட இந்த அறையில் நடந்ததுதான் பெரிசு. அரீத்தா ஒத்திகைப் பதிவைக் கேட்டார். ஒரு டேப் ரெக்கார்டரில் போட்டுக் காட்டினார்கள். கேட்டார், பாடுகிறேன் என்றார். அவ்வளவுதான். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தத் துணிச்சலையே பேசுகிறார்கள். நான் அந்த டேப்பைப் பேசுகிறேன் அம்மு. பாட்டு அவருக்குத் தெரியும், இரண்டு நாள் முன்புதான் பாடினார். தெரியாதது இந்த ஆர்க்கெஸ்ட்ராவை. எங்கே எடுப்பு, எங்கே இழுத்து நிறுத்துகிறார்கள், மூச்சு வாங்க எங்கே இடம் விடுகிறார்கள், இதெல்லாம் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. பயந்த பாடகிக்கு இது தோன்றாது.

அப்புறம் சுருதி. உனக்கு இப்போது இருக்கிற அதே தகராறு. ஆர்க்கெஸ்ட்ரா பயிற்சி எடுத்திருந்தது பவரொட்டிக்கு, ஓர் ஆண் குரலுக்கு. நம் கச்சேரியில் பாடுகிறவர் மாறினால் என்ன செய்வோம்? தம்புராப் பெட்டியில் குமிழைத் திருகுவோம். வயலின்காரர் தந்தியை ஏற்றி இறக்கிக்கொள்வார். மிருதங்கக்காரர் உறையிலிருந்து இன்னொரு மிருதங்கத்தை எடுப்பார். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஒரு கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்குப் போய்விடலாம். அங்கே அப்படி நடக்காது, இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொருவர் முன்னாலும் தனித்தனித் தாள், ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு ஸ்வரம். ஒரு படி மாற்ற வேண்டுமென்றாலும் அத்தனை பேருக்கும் புதிதாக எழுதியாக வேண்டும். நடக்கிற காரியமா? அரீத்தா அதைக் கேட்கவே இல்லை. பவரொட்டியின் சுருதியிலேயே நின்றார்.

பாடகர் ஸ்டிங் மேடைக்கு வந்து, பவரொட்டி வரவில்லை, அவருக்குப் பதில் அரீத்தா பாடுகிறார் என்று அறிவித்தார்.

இனி நான் சொல்வதைப் பாட்டைப் போட்டுக்கொண்டு படி. தொடக்கத்தில் அவர் எதையும் காட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை, அவசரப்படவில்லை. வார்த்தையை வைத்துவிட்டு, ஆர்க்கெஸ்ட்ரா தன்னிடம் வரட்டும் என்று இருக்கிறார். பவரொட்டி ஒரே கோடாக நிறுத்துகிற ஸ்வரங்களில் இவர் மெல்ல அசைவு கொடுக்கிறார். பிறகு பிருகா மாதிரி சின்னச் சின்னதாக உதிர்கிறது. அது இத்தாலிச் சரக்கு இல்லை, டெட்ராய்ட்டில் அவர் அப்பா பிரசங்கம் செய்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சரக்கு. சின்னப் பெண்ணாக அங்கே நின்று பாடிப் பழகிய கழுத்து அது. முடிவில் "வின்ச்செரோ", ஜெயிப்பேன் என்று வருகிறதே, அங்கே நேராக உச்சிக்குப் போய் நிற்காமல் தன் சங்கதிகளைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார். பவரொட்டியின் மேடை, பவரொட்டியின் சுருதி, பவரொட்டியின் ஆர்க்கெஸ்ட்ரா. பாட்டு மட்டும் அரீத்தாவுடையது. அரங்கமே எழுந்து நின்றது.

சாஸ்திரம் பார்க்கிற ஆபெராக்காரர்கள் இதில் குறை சொல்வார்கள். சொல்லட்டும். ஆபெராவாகக் கேட்டால் குறை இருக்கத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு அவர் பவரொட்டி மாதிரி பாட முயன்றிருந்தால் வெறும் போலியாகப் போயிருக்கும். தன் குரலுக்கு வசதியான இன்னொரு பாட்டைப் பாடியிருந்தால் பவரொட்டிக்கு மரியாதை செய்ததாக ஆகியிருக்காது. இரண்டையும் விட்டார். இதைத்தான் நீ பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

அந்தப் பாட்டின் கதையும் இதற்குப் பொருத்தம்தான். பீக்கிங் இளவரசி தூராந்தோத்தின் மூன்று விடுகதைகளுக்கு ஊர் பேர் தெரியாத ஒருவன் விடை சொல்லிவிடுகிறான். அப்படியும் அவளுக்குக் கல்யாணத்தில் மனசில்லை. சரி, விடிவதற்குள் என் பேரைக் கண்டுபிடி, கண்டுபிடித்தால் என் உயிர் உன் கையில் என்கிறான். அதுவரை ஊரில் ஒருத்தரும் தூங்கக்கூடாது என்று அவள் ஆணை போடுகிறாள். அந்த ராத்திரியில், விடிந்ததும் நான் ஜெயிப்பேன் என்று அவன் பாடுவது இது. இந்த ஆபெராவை எழுதிய புச்சீனி 1924-இல், அது முடியும் முன்பே இறந்துபோனார். மிச்சத்தை அல்ஃபானோ என்பவர் எழுதி முடித்தார். 1926-இல் மிலானில் அரங்கேறியபோது, புச்சீனி விட்ட இடம் வந்ததும், நடத்திக்கொண்டிருந்த தோஸ்கனினி ஆர்க்கெஸ்ட்ராவை நிறுத்திவிட்டாராம். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுப்பது அந்தப் பாட்டுக்குப் புதிசில்லை.

அதே கிராமி விழாவில் பாடகர் பாப் டிலனுக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது. முந்தின வருஷம்தான் நெஞ்சில் வந்த தொற்றினால் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். அவர் பாடும்போது யாரோ ஒருவன் சட்டையில்லாமல், மார்பில் எதையோ எழுதிக்கொண்டு பக்கத்தில் வந்து ஆடினான். மனிதர் பாட்டை நிறுத்தவில்லை. அவர் மகன் ஜேக்கப்பின் குழுவுக்கும் அன்றைக்கே இரண்டு விருது கிடைத்தது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே ராத்திரியில்! நான் உன் அம்மா அல்லவா, இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகும்.

பவரொட்டியையும் குறை சொல்லாதே. அறுபத்திரண்டு வயதில், கெட்டுப்போன தொண்டையோடு ஏறிப் பாடி அசிங்கப்படாமல், முடியாது என்று சொன்னது சரியான முடிவு. அடுத்த வருஷ கிராமியில் வந்து அதே பாட்டைப் பாடிவிட்டுத்தான் போனார். அதனால் உங்கள் குழுவின் அந்த அம்மாவுக்கு இன்றைக்கே ஒரு வார்த்தை அனுப்பு. மாதக்கணக்கில் பாடிப் பழகியதை இன்னொருத்தி பாடப் போகிறாள் என்பது அவருக்கு எப்படி இருக்கும்? எங்கே மூச்சு வாங்குவீர்கள் என்று அவரிடமே கேள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.

அரீத்தாவுக்கு அன்றைக்கு ஐம்பத்தைந்து வயது. அதற்குள் பதினைந்து கிராமி வாங்கியவர், நிரூபிக்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. சொதப்பினால்தான் பேச்சு, மறுத்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். உனக்கும் அப்படித்தான், மாட்டேன் என்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் எனக்குக் கவலை. சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய "மாட்டேன்" இது. அவர் 2015-இல் பிலடெல்ஃபியாவில் போப் பிரான்சிஸ் முன்னாலும் இதே பாட்டைப் பாடினார். அந்தக் கிராமி ராத்திரியில் மறுத்திருந்தால் அந்தப் பாட்டு இவர் பேரோடு இப்படி ஒட்டியிருக்குமா?

சரி, வேலைக்கு வா. குழுவை நடத்துகிறவரிடம் ஒத்திகைப் பதிவை வாங்கு. முதலில் பாடாமல் கேள், பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு கேள். எடுப்பு, இழுப்பு, மூச்சு, மூன்றையும் குறித்துக்கொள். பாட்டு உன் குரலைவிடக் கீழே போகிறது என்றாயே, அதற்கு வைத்தியம் நம்மிடம் இருக்கிறது. தம்புரா ஆப்பில் அந்தச் சுருதியை வைத்து, காலையில் எழுந்ததும் அகாரத்தில் மந்தரஸ்தாயி பிடி. ஸ நி த ப என்று ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்று இறங்கு. கீழே போகும்போது குரலை அழுத்தாதே. உன் பழைய பழக்கம் அது, தாடையை இறுக்கிக்கொள்வாய். சத்தம் வரவில்லையே என்று முக்காமல் சன்னமாக விடு, மைக் பார்த்துக்கொள்ளும். மேலே போகிற இடம் உன் வீடு, அங்கே உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த அம்மாவின் பதிவை எடுப்புக்காக மட்டும் கேள். அவர் குழைவை அப்படியே பிடிக்கப் பார்க்காதே.

தொண்டைக்கு அதிமதுரத் துண்டு கொடுத்தனுப்பினேனே, தீர்ந்துவிட்டதா? இருந்தால் வாயில் அடக்கிக்கொள். சனிக்கிழமை தயிரும் ஐஸ்கிரீமும் வேண்டாம். குட்டியை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், நான் அவரிடமும் சொல்கிறேன்.

அப்பா தினமும் கேட்கிறார், பாடுகிறாளா என்று. பாடுகிறாள் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் போன் பண்ணு, இங்கே நடுராத்திரியானாலும் விழித்திருப்போம். முழுசாகப் பதிவு பண்ணி அனுப்பச் சொல், நடுவில் வெட்டாமல். அந்தக் கீழ் இடத்தில் எங்கே மூச்சு எடுத்தாய் என்று நான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா
கும்பகோணம்