கோண்டாவிலில் அம்மாவின் காலைக் காத்த தங்கச்சிக்கு

போன வெள்ளி காலை கோண்டாவில் சந்திக்குக் கிட்ட அம்மா மோட்டார்சைக்கிளால் விழுந்திட்டா. வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணிப்போய்க் கிடந்தது. கூடின சனம் இழுத்து நேராக்கப் பார்க்க, "இழுக்காதேங்கோ அண்ணை" என்று குறுக்கே வந்து இருந்தீர்கள்.

பாதத்தின் மேல் நாடி பிடித்தீர்கள். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டு, 2 செக்கனுக்குள் சிவப்புத் திரும்புதா என்று பார்த்தீர்கள். வீங்க முதல் மெட்டியைக் கழற்றி என் கையில் வைத்தீர்கள். அப்புறம் வேலியோரம் கிடந்த இரண்டு பனைமட்டை. மட்டையின் கூரான கருக்கு காலில் வெட்டாதபடி துவாயைச் சுற்றி, முழங்காலும் கணுக்காலும் அசையாதபடி, கிடந்த வாக்கிலேயே கட்டினீர்கள். கட்டியபின் நாடியைத் திரும்பவும் பார்த்தீர்களே, அந்தக் கவனத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஆரோ தேத்தண்ணி நீட்ட, ஒப்பரேஷன் வரலாம், ஒன்றும் குடுக்க வேண்டாம் என்றீர்கள். 1990 என்ற அவசர இலக்கத்து அம்புலன்ஸ் வந்ததும் பார்த்ததையெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

இரண்டு எலும்பும் முறிவு, ஆனால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்றார் டொக்டர். அம்மா இப்போது வீட்டில்தான். "அந்தப் பிள்ளை ஆரெண்டு தெரிஞ்சுதோ?" என்று தினமும் கேட்கிறா. மிக்க நன்றி, தங்கச்சி.