பல்லக்கு, ஊஞ்சல், கதவு: மரவேலைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

பங்குனி உத்திரம் முடிந்த மறுவாரம் வசந்த மண்டபத்தில் கீற்றுத் தட்டி கட்டித் தொடங்கிய மரவேலை ஆனி மாதக் கடைசியில் முடிந்தது. பல்லக்கு, பள்ளியறை ஊஞ்சல், வடக்கு வாசல் கதவு, அலுவலகத்துப் பழைய மேசை, இந்த நான்கிலும் பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசியிருக்கிறோம். வரவு செலவுப் பட்டியல் அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அதில் முக்கால் பங்கு கூலி. கூலி ஏன் இவ்வளவு, ஏன் மூன்று மாதம், இத்தனைக்குப் பிறகும் ஏன் பளபளவென்று இல்லை என்று உறுப்பினர்கள் வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம்.

பல்லக்கில் இருந்தது ஒரு பூச்சு அல்ல. மேலே தங்க நிறம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே சிவப்பு. எல்லாம் எனாமல், எல்லாம் யாரோ ஒருவர் உபயமாக அடித்தது. யாளி முகத்தில் கண் எது, பல் எது என்று தெரியாத அளவுக்குப் பெயின்ட் ஏறியிருந்தது. சூடு காட்டிச் சுரண்டினால் ஒரே வாரத்தில் முடியும் என்று சொன்னார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்; சூடு காட்டினால் அது நச்சுப் புகையாகும். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் பல்லக்கின் பெயின்ட் அதற்கு ரொம்ப முந்தியது. அதனால் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோடே சுரண்டினோம். தூள் பறக்கவில்லை. குழந்தைகளைத் தட்டிப் பக்கமே விடவில்லை. பல்லிடுக்குகளில் இரும்பு பட்டால் செதுக்கு மழுங்கிவிடும் என்று பாலிஷ்காரர் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு எடுத்தார். ஒரு யாளி முகத்துக்கு ஒன்றரை நாள் ஆனது. கூலி போன இடம் முதலில் இதுதான். பெயின்ட் போனபின் நாக்கின் ஓரத்தில் உளித்தடம் வரிவரியாகத் தெரிந்தது, போய்ப் பாருங்கள்.

அப்புறம் உப்புத்தாள். சொரசொரப்பான 120ஆம் எண்ணில் தொடங்கி 180, 220, கடைசியில் நைசான 320. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் அப்போது தெரியாது. பாலிஷ் ஏறியபின் பூனை பிராண்டியது போல் எழுந்து நிற்கும். மேசையின் இடது மூலையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அது குழு உறுப்பினர் ஒருவர் ஆர்வத்தில் செய்த கைங்கரியம்.

எதைப் பூசுவது என்பதில்தான் குழுவுக்குள் சண்டை வந்தது. பாதிப் பேர் பியூ (பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு) அடிக்கலாம் என்றார்கள். பளபளப்பு, தண்ணீர் பட்டாலும் கவலையில்லை, வேலையும் சீக்கிரம் முடியும். எல்லாம் உண்மை. ஆனால் பியூ ஓரிடத்தில் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது கடினம்; பெரும்பாலும் முழுவதையும் உரித்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். அரக்குப் பாலிஷ் அப்படியில்லை. புதிதாகப் பூசும் அரக்கு பழைய அரக்கைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். பல்லக்கு வருடத்தில் எத்தனை தடவை தூணில் இடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இடித்த இடத்தை அரை மணியில் சரிசெய்ய முடிகிற பூச்சுதான் நமக்கு வேண்டும் என்று முடிவானது. பூச்சியிலிருந்து வருகிற அரக்கைச் சாமி பல்லக்கில் பூசலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். சாமி உடுத்தும் பட்டு எதிலிருந்து வருகிறது என்று குருக்கள் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) 150 கிராம் அரக்கு என்ற கணக்கில், பிளாஸ்டிக் வாளியில் கரைத்தோம். இரும்புப் பாத்திரத்தில் கரைத்தால் கறுத்துவிடும். பஞ்சை மல் துணியில் பொதிந்து, நனைத்து, எட்டுப் போடுவது போல் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கையை நடுவில் நிறுத்தினால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வைகாசியில் ஒரு நாள் கோடை மழை விட்டதும் அவசரப்பட்டுப் பூசினோம். காலையில் பார்த்தால் ஊஞ்சல் பலகை முழுக்கச் சாம்பல் பூத்தது போல் வெளுத்திருந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. நல்ல வெயில் வந்தபின் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாகத் துடைத்ததும் போய்விட்டது. அதற்கு மேல் மழை நாட்களில் வேலை இல்லை என்று வைத்துக்கொண்டோம். பதினோரு நாள் அதில் போனது.

வடக்கு வாசல் கதவு வெயிலிலும் மழையிலும் நிற்பதால் அரக்கு தாங்காது. அதற்கு லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைனும் கலந்து மூன்று கோட். இங்கே ஒரு தவறு நடந்ததை மறைக்க விரும்பவில்லை. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மண்டப மூலையில் போட்டுவிட்டுப் போய்விட்டோம். இரவுக் காவலர் புகை வாசனை வந்து பார்த்தபோது குவியலின் நடுவில் துணி கருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நெருப்பே இல்லை. இந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் பற்றிக்கொள்ளும். பல்லக்கு பத்தடி தள்ளி இருந்தது. மறுநாளிலிருந்து துணிகளை வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தோம்.

பல்லக்குத் தண்டில் மட்டும் ஏன் பாலிஷ் இல்லை, பணம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டவர்களுக்கு: பல்லக்கைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் வேண்டாம் என்றார்கள். வியர்த்த தோளில் பாலிஷ் போட்ட தண்டு ஒரு சமயம் வழுக்கும், ஒரு சமயம் ஒட்டும். தேய்த்து, எண்ணெய் மட்டும் காட்டி விட்டிருக்கிறோம். மயில் வாகனத்தின் வண்ணம் நன்றாகவே இருக்கிறது, தொடவில்லை.

இனிப் புழங்குபவர்கள் கவனத்துக்கு. சோப்புத் தூள், சோடா, சுண்ணாம்பு பட்ட கை, சானிடைசர் எதுவும் பல்லக்கிலும் ஊஞ்சலிலும் மேசையிலும் படக்கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். ஈரப் பூமாலை, சூடான தூபக்கால் வைத்தால் வெள்ளை வளையம் விழும், கீழே தட்டு வையுங்கள். துடைக்க உலர்ந்த துணி போதும். கதவுக்கு வருடம் ஒருமுறை, மாசி வெயிலில், எண்ணெய் காட்ட வேண்டும்.

மீதி அரக்கு கால் கிலோ, மூடிய பாட்டிலில் அலுவலக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் கரைத்துக்கொள்ளவும். கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்தது சரியாகக் காயாது, பிசுபிசுக்கும். சாவி கணக்கரிடம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்