அமாவாசைக் கணக்கு

அன்புள்ள தாணு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி மகளுக்கு வலிப்பு என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. எங்கள் அண்ணன் மகனுக்கும் இதே சீக்குதான். போன வருஷம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில் அவனுக்கு வீடியோ ஈஈஜி (மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக வரைவதுதான் ஈஈஜி, கூடவே ஆளையும் வீடியோ எடுப்பார்கள்) எடுத்தபோது கூட இருந்தது நானும் மயினியும். அங்கே பார்த்ததையும் அப்புறம் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். பிசிக்ஸ் வாத்தியார் எழுதினால் நீளும், பொறுத்துக்கொள் மக்கா.

பிள்ளைக்கு ஈஈஜி நார்மல் என்று வந்ததை வைத்து, 'ஒன்றுமில்லை' என்று வீட்டில் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். அது சரியில்லை. அது எடுப்பது ஏறக்குறைய அரைமணி நேரம். அந்த நேரத்தில் மூளை சும்மா இருந்தால் கோட்டில் என்ன தெரியும்? அதிலும் தலைத்தோலில் கிடைக்கும் மின்சாரம் சில பத்து மைக்ரோவோல்ட்தான், டார்ச் செல்லில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இதை 1924-லேயே ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்திருக்கிறார். மனுஷன் முதலில் தேடிப் போனது தொலைவிலிருந்து மனசுக்கு மனசு சேதி போகுமா என்பதை!

வீடியோ ஈஈஜி வேறு மாதிரி. டெக்னீஷியன் டேப்பால் தலையை அளந்து பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தோலைத் தேய்த்துப் பசை வைத்து ஒயரை ஒட்டினார். மேலே துணி சுற்றியதும் பையன் தலைப்பாகை கட்டியவன்போல இருந்தான். கட்டிலைப் பார்த்தபடி ராத்திரி பகலாக கேமரா. வலிப்பு வந்தால் அமுக்க எங்கள் கையில் ஒரு பட்டன். அப்புறம் டாக்டர் சொல்லி மாத்திரையைக் குறைத்தார்கள். மயினிக்கு வந்ததே கோபம்! வலிப்பு வரக்கூடாது என்று மண்டைக்காட்டு அம்மைக்கு மண்டையப்பம் நேர்ந்தவள் அவள். இங்கே எல்லாரும் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறார்கள். வந்தால்தானே எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியும், அதற்குத்தான் இவ்வளவும் என்று எடுத்துச் சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை.

வந்தது விடியக்காலம். பையன் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு இடது கையால் போர்வையைப் பிசைந்தான். நர்ஸ் பெயரைக் கேட்டார், பதில் இல்லை. பிறகு டாக்டர் திரையில் காட்டினார். கை அசைவதற்குச் சில நொடி முன்னாலேயே வலது நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கோடுகள் ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் அப்போது ஒரு மாற்றமும் இல்லை.

நீ கேட்ட பெரிய கேள்வி, முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்பது. மெல்பர்னில் மார்க் குக் என்ற நரம்பியல் டாக்டரும் கூட இருந்தவர்களும் 15 பேருக்கு மண்டையோட்டுக்குள் மின்முனைகளைப் பதித்து மாசக்கணக்கில் பதிவு செய்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கையில் ஒரு சின்னப் பெட்டி. அபாயம் என்றால் சிவப்பு விளக்கு, பயமில்லை என்றால் நீலம். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்கவில்லை, ஆனால் முடியாத காரியம் இல்லை என்று தெரிந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. நோயாளிகள் டைரியில் எழுதிய எண்ணிக்கையும் கருவி எண்ணியதும் ஒத்துப்போகவே இல்லை. வந்தது வந்தவருக்கே தெரியாமல் போகிறது.

2018-ல் அமெரிக்காவில் இப்படிக் கருவி பதித்த 37 பேரின் பல வருஷப் பதிவைப் பார்த்தபோது, மூளையின் மின்சாரக் கோளாறு நாள்கணக்கில் ஏறி இறங்குவது தெரிந்தது. பலருக்கு 20 முதல் 30 நாள் சுற்று, ஆணுக்கும் உண்டு. ஏறும் நாட்களில்தான் வலிப்பு வர வாய்ப்பு அதிகம். வாவு நெருங்கினால் வலிப்பு வரும் என்று நம்ம ஊர்க் கிழவிகள் சொன்னதைக் கேட்டு நாம் சிரிப்போமே! அமாவாசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சுற்று ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனித்தார்களே, அதுவரைக்கும் கிழவிகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளைக்கு வரும்போது யாராவது போனில் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு ரொம்ப உதவும். சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். அஞ்சு நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள். குளத்தில் தனியாகக் குளிக்க விடாதே. தூக்கம் கெடக்கூடாது. எங்கள் பையன் ரப்பர் வெட்ட நடுச்சாமத்தில் எழும்பிப் போய்க்கொண்டிருந்தான், அதை நிறுத்தியதிலேயே பாதி குறைந்துவிட்டது. இப்போது குலசேகரத்தில் ஒரு கடையில் ரப்பர் ஷீட் எடை போடுகிறான். ஆபரேஷன் பற்றி டாக்டர்கள் பேசியிருக்கிறார்கள், முடிவாகவில்லை.

கல்யாணப் பேச்சை நினைத்துத் தங்கச்சி இப்போதே அழுவதாக எழுதியிருந்தாய். வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வழியை 1999-லேயே எடுத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொல். ஊர் வாயை எந்தச் சட்டமும் அடைக்காது, அது வேறு விஷயம். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். திருவனந்தபுரம் போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, நானும் கூட வருகிறேன்.

உன்,
செல்லத்துரை