பொருந்தாத ரிசீவருடன் விற்கப்பட்ட ரோட்டரி லேசர் லெவல்: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
சிறு கட்டட ஒப்பந்ததாரர்,
அம்மாபேட்டை, சேலம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

தீபாவளிக்கு முந்தைய வாரம் சேலத்தில் உங்கள் டீலரிடம் 46,000 ரூபாய் கொடுத்து, தலை சுற்றி லேசர் கோடு போட்டு மட்டம் காட்டும் உங்கள் பச்சை ரோட்டரி லேசர் லெவலை வாங்கினேன். பில் நகலும் போட்டோக்களும் இத்துடன் இருக்கின்றன. இன்றுவரை அந்தக் கருவியால் வெயிலில் ஒரு நாள்கூட மட்டம் எடுக்க முடியவில்லை. லேசர் பட்டதும் சத்தம் எழுப்பும் ரிசீவர் என்று பெட்டிக்குள் நீங்கள் வைத்து அனுப்பியது வேறு கருவிக்கு உரியது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பழம் காயப்போடும் களம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 30 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், கீழ்ப்பக்கம் தடுப்புச்சுவர். களத்துக்கு ஒரே பக்கமாக வாட்டம் வேண்டும். நடுவில் எங்காவது பள்ளம் விழுந்து தண்ணீர் நின்றால் அந்த இடத்துக் காபி பூஞ்சை பிடித்துவிடும். மலைச்சரிவில் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்கள் ஏறி இறங்கி, டியூபுக்குள் காற்றுக்குமிழி நிற்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்து மட்டம் எடுப்பதற்குள் அரை நாள் போய்விடுகிறது. அறுவடைக்குள் களத்தை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால்தான் கைமாற்று வாங்கி இந்தக் கருவியை எடுத்தேன்.

வாங்கும்போதே கடையில் தெளிவாகக் கேட்டேன். “தம்பி, எனக்கு உள்வேலை கிடையாது. முழுக்க வெளியில், வெயிலில்தான் வேலை. ஆகுமா?” என்றேன். “அண்ணா, இது பச்சை லேசருங்க. பட்டப்பகல்லயே கோடு பளிச்சுன்னு தெரியும்” என்று சொன்னார். உங்கள் பெட்டியின் மேல் இருக்கும் படமும் அதையேதான் காட்டுகிறது: நல்ல வெயில், அதில் பச்சைக் கோடு.

மறுநாள் காலை 10 மணிக்கு ஸ்டாண்டில் பூட்டி ஓட விட்டேன். தலை சுற்றியது, மட்டமும் தானாகப் பிடித்தது. தூரத்தில் நிறுத்திய அளவுக்கோலான ஸ்டாஃபில் கோட்டைக் காணோம். உள்ளங்கையால் நிழல் கொடுத்துப் பார்த்தால் பத்தடி தூரம்வரை லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பச்சை நிறம் சிவப்பைவிட நம் கண்ணுக்கு அதிகமாகத் தெரியும் என்பது அறைக்குள் உண்மை. வெயிலில் இரண்டு நிறமுமே கரைந்துவிடும். வெளி வேலைக்கு ஸ்டாஃபில் ரிசீவரை மாட்டி, அது எழுப்பும் சத்தத்தை வைத்துத்தான் மட்டம் குறிக்க முடியும். இதை நான் பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டேன். விற்கிறவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ரிசீவர்தான் இருக்கிறதே என்று அதை மாட்டினோம். ஐந்தாறு மீட்டர்வரை கத்தியது, அதைத் தாண்டினால் சத்தமே இல்லை. புது பேட்டரி போட்டும் அதே கதைதான். உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தால், “ஏற்காடா சார்? அங்கே பனிமூட்டம் இருக்கும், அதனால்தான்” என்றார்கள். மூட்டத்தில் லேசர் சிதறும் என்பது எனக்கும் தெரியும். அன்றைக்கு எதிர்மலையில் சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிந்த வானம்.

கடைசியில் என் சித்தாள் அம்மாதான் ரிசீவரைத் திருப்பிப் பார்த்து, “இதுல ஏதோ நம்பர் போட்டிருக்குங்க” என்றார். பேட்டரி மூடிக்குக் கீழே சின்ன ஸ்டிக்கர், 635 என்.எம். (நானோமீட்டர்) என்று. கருவியின் அடியில் இருப்பது 520 என்.எம். முன்னது சிவப்பு லேசரின் அலைநீளம், பின்னது பச்சை. சூரிய வெளிச்சம் குழப்பாமல் இருக்க, ரிசீவரின் கண்ணாடி தனக்கு உரிய நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும். அப்படியிருக்க, பச்சைக் கருவியோடு சிவப்பு ரிசீவரை வைத்து அடைத்திருக்கிறீர்கள். இரண்டு ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்திருக்கிறேன், பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, 30 மீட்டர் தள்ளியிருக்கும் பம்ப் ரூம் சுவரில் கோடு தெரிந்தது. அங்கே ஒரு குறி போட்டு, கருவியை அதே இடத்தில் 180 டிகிரி திருப்பி மறுபடி குறித்தேன். இரண்டு குறிக்கும் நடுவே 11 மில்லிமீட்டர். இதில் பாதிதான் கருவியின் பிசகு என்று எடுத்துக்கொண்டாலும் ஐந்தரை மில்லி வருகிறது. பெட்டியில் 30 மீட்டருக்கு 1.5 மில்லி என்று அச்சடித்திருக்கிறீர்கள். களத்துக்கு இது பெரிய பிசகு இல்லைதான். நாளைக்கு இதே கருவியை வைத்து ஒரு வீட்டுக்கு, சுவருக்கு அடியில் வரும் பிளிந்த் பீம் மட்டம் எடுக்க எனக்கு எப்படி மனசு வரும்? உள்ளே இருந்த, அளவு சரிபார்த்ததற்கான கேலிப்ரேஷன் சான்றிதழில் கருவியின் சீரியல் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை.

இரண்டு நாள் நான்கு ஆட்களுக்குச் சும்மா சம்பளம் கொடுத்தேன். அப்புறம் பழைய டியூப் லெவலையே எடுத்து வேலையைத் தொடர்ந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி உங்கள் டீலரிடம் இரண்டு முறை போய்விட்டு வந்தாயிற்று. “கம்பெனியில் கேட்டுச் சொல்கிறோம்” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

520 என்.எம். பச்சைக்கு உரிய ரிசீவர் எனக்கு வேண்டும். கருவியைச் சரிபார்த்து, சீரியல் எண்ணும் தேதியும் போட்ட சான்றிதழோடு தர வேண்டும். இதை 15 நாளில் செய்ய முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் அந்த வெயில் படத்தையும் எடுத்துவிட்டு, வெளியில் ரிசீவர் இல்லாமல் வேலை ஆகாது என்று தமிழில் அச்சிடுங்கள். என்னைப் போன்ற மேஸ்திரிகள் அந்தப் படத்தை நம்பித்தான் காசை எடுக்கிறோம்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று உங்கள் டீலர் சொன்னார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணமும் கிடையாது.

கருவியும் ரிசீவரும் பெட்டியோடு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் நாகலூருக்கே வந்தால், அதே இடத்தில், அதே வெயிலில் ஓட்டிக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை கட்டட ஒப்பந்ததாரர்

இணைப்பு: பில் நகல், இரண்டு ஸ்டிக்கர்களின் போட்டோ, சுவர்க் குறிகளின் போட்டோ.